எண்பத்து மூன்று மடங்கு உண்மை

"தூரம்தான் மனிதனின் முதல் எதிரி. அதை வென்றவனுக்கே உண்மை தன் முகத்தைக் காட்டும். எண்பத்து மூன்று மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியின் முன் எந்தப் பொய்யும் நிற்காது."

அடையாற்றங்கரையில் இருக்கும் 'ராயல் ரிவர் பேலஸ்' குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டு இதழில், தண்ணீர் லாரி வரும் நாட்களின் அட்டவணைக்குக் கீழே, கோதண்டபாணியின் கட்டுரை இப்படித்தான் தொடங்கியது. நாற்பத்தெட்டு வீட்டுக்கு நாற்பத்தெட்டு பிரதி அடித்தார்கள். முப்பத்தாறு பிரதி இன்னும் வாட்ச்மேன் ஷாஹுல் ஹமீதின் மேஜைக்குள் இருக்கிறது. போண்டா எண்ணெயை உறிஞ்சுவதற்கு இதைவிட நல்ல தாள் கிடைக்காது என்பது அவருடைய மதிப்புரை.

கட்டுரையின் தலைப்பு 'சூப்பர் ஜூம் பிரிட்ஜ் கேமரா: நிறைகளும் குறைகளும்'. நிறைகள் பதினொன்று. லென்ஸைக் கழற்றி மாட்டும் தொல்லை இல்லை, ஒரே கேமராவில் எறும்பும் எடுக்கலாம் நிலாவும் எடுக்கலாம், கை நடுங்கினாலும் படம் நடுங்காது, என்று வரிசையாகப் போகும். குறைகள் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: 'கழுத்தில் மாட்டினால் சற்றே கனக்கும், அது பெருமையின் கனம்.'

கோதண்டபாணி ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே பென்ஷன் வாங்குகிறவருக்குச் சொந்தமாக ஒரு பிழை செய்யும் சந்தர்ப்பம் அதுவரை வாய்க்கவில்லை. கேமரா வந்த பிறகு வாய்த்தது.

கேமராவை ஜப்பானில் இருக்கும் மகன் ஸ்ரீஹரி அனுப்பியதாக லிஃப்ட்டில் ஒருவரிடம் சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அந்த ஒருவர், "பையன்னா இப்படி இருக்கணும்" என்றதும் ஐந்தாவது மாடி வரை அந்த வாக்கியம் இனித்தது. மறுநாள் இரண்டு பேரிடம் சொன்னார். வார இறுதிக்குள் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் ஸ்ரீஹரி நல்ல பிள்ளையாகிவிட்டான். ஜப்பான் கதை பொய் என்பது மனைவி ஸ்வர்ணலதாவுக்குத் தெரியும். கேமரா புதிது இல்லை என்பது அவளுக்கும் தெரியாது.

மிஞ்சியது அது வந்த அட்டைப்பெட்டி. முழ நீளம், பழுப்பு நிறம், மேலே கூரியர் சீட்டு. 'ரிவர் பேலஸி'ல் காலி அட்டைப்பெட்டிகளை லிஃப்ட் பக்கத்தில் வைப்பதுதான் வழக்கம். யார் வீட்டில் என்ன வாங்கினார்கள், எங்கிருந்து வந்தது என்பதை லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் படித்துத் தெரிந்துகொள்வார்கள். இதழைப் படிக்காதவர்கள்கூட இதைப் படிப்பார்கள்.

குப்பை எடுக்க வரும் மணிமொழி வாசலில் நின்றே கேட்டாள். "புதுக் கேமரா வந்துச்சாமே சார். பொட்டி கீதா? பொண்ணு புக்கு வெச்சுக்கும்."

"பொட்டியெல்லாம் இல்லைம்மா. ஜப்பான்லேர்ந்து ஒருத்தர் கையில எடுத்துட்டு வந்தார்."

"இம்மாந்தூரம் சும்மா கைலயா?" என்று வியந்துவிட்டு, அவள் பக்கத்து வீட்டு மணியை அடித்தாள்.

அன்று மாலையே கோதண்டபாணி பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். போன மழையில் இடிந்த மதில் இன்னும் கட்டப்படவில்லை. இடிந்த இடம் வழியாக ஆற்றங்கரைக்குப் பை பையாகக் குப்பை போய்க்கொண்டிருந்தது. போடுவது யார் என்று யாருக்கும் தெரியாது. அதாவது, அவரவர் போட்டது மட்டும் அவரவருக்குத் தெரியும். கோதண்டபாணி பெட்டியை வீசினார். அது குப்பைமேட்டின் உச்சியில் சீட்டு மேல்நோக்கி இருக்க அமர்ந்தது. வேட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். அது நல்ல வேட்டி.

அடுத்த வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அவர் திரு.வி.க. பாலத்தின் நடைபாதையில் நின்று கூழைக்கடா ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பஸ் போகும்போதெல்லாம் பாலம் அதிர்ந்தது. நிறை எண் ஐந்தின்படி படம் அதிரவில்லை. பறவை நகர, அவர் கேமராவைத் திருப்ப, சட்டத்துக்குள் குப்பைமேடு வந்தது. அதன் பக்கத்தில் கையில் பையோடு மணிமொழி நின்றாள். நின்றாள் என்றால், கேமராவில் நின்றாள். அவர் கண்ணை எடுத்துப் பார்த்தபோது மணிமொழி மேட்டுக்கு நாற்பது அடி எடுத்து வைக்கும் தூரத்தில், கரையின் மறுகோடியில், ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேமராவில் பார்த்தார். ஒட்டி நின்றாள். பை குப்பைக்கு நேர் மேலே, இதோ விழப்போகிறது என்பதுபோல் தொங்கியது.

நல்ல அமைப்பு என்று நினைத்து அழுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் கூழைக்கடாவை வாட்ஸப் குழுவில் போட்டார். ஒரு மணி நேரமாகியும் ஒருவரும் கட்டைவிரல் காட்டவில்லை. பிறகு மற்றதைப் போட்டார். 'நம் கட்டடத்தின் பின்புறம், இன்று மாலை. யார் என்று சொல்ல விரும்பவில்லை' என்று நாகரிகமாக எழுதினார். படத்தில் மணிமொழியின் மூக்குத்தி தெரிந்தது.

முப்பத்தொரு கட்டைவிரல். 'கழுகுக் கண்!' என்று செயலாளர் வைரவன் போட்டார். மூன்றாவது கட்டைவிரல் வந்தபோதே கோதண்டபாணி ஃபோனைக் கையில் எடுத்தார். அழித்துவிடலாம் என்று நினைத்தார். அழித்தால் 'அழிக்கப்பட்டது' என்று காட்டும். ஏன் என்று கேட்பார்கள். பத்தாவது கட்டைவிரலுக்குப் பிறகு, அழிப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது.

ஸ்வர்ணலதா படத்தைப் பார்த்தாள். "ஏங்க, எண்பத்து மூணு மடங்குன்னு சொல்றீங்களே, அவ பைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியலையா?"

"பைக்குள்ள எப்படித் தெரியும்?"

"டிஃபன் பாக்ஸ். காலையில நான்தான் அதுல எலுமிச்சஞ்சாதம் போட்டுக் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் சீரியலுக்குப் போய்விட்டாள்.

அவர் கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். குப்பையின் உச்சியில் அவருடைய பெட்டி. சீட்டு இருப்பது தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. வெளிச்சம் குறைந்த நேரம். வெயிலில் காய்ந்த கரையிலிருந்து எழும் அனலில் காற்று அலையாடியிருந்தது. படம் பதியும் நகத்தளவு சென்சார் இரண்டையும் சமாளிக்க முடியாமல் எழுத்தையெல்லாம் கஞ்சியாகக் கரைத்திருந்தது. குறை என்று அவர் எழுதாமல் விட்ட மூன்று குறைகளும் அன்று அவரைக் காப்பாற்றியிருந்தன. நன்றியோடு கணினியை அணைத்தார். அந்த நன்றிதான் ராத்திரிச் சாப்பாட்டை இறங்கவிடாமல் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, சமோசா. வைரவனுக்குத் தி.நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடி நடத்துகிறவருக்கு ஒரு கட்டடம் நடத்துவது பெரிய காரியமில்லை. ஏற்கெனவே முடிவெடுத்துத்தான் வந்திருந்தார்.

"ரெண்டே விசயம். ஒண்ணு, மணிமொழியை வியாழக்கிழமையிலேர்ந்து நிப்பாட்டுதோம். ரெண்டு, சார் எடுத்த படத்தை ஆறடி ஃப்ளெக்ஸா அடிச்சு கேட்ல தொங்கவிடுதோம். 'குப்பை போட்டால் இதுதான் கதி.' புதன்கிழமை சாயந்தரம் ஃப்ளெக்ஸ் வந்திரும். அதுவரைக்கும் குப்பையை யாரும் தொடக் கூடாது. அது சாட்சி. கயிறு கட்டியாச்சு."

கயிறு உண்மையிலேயே கட்டியிருந்தார்கள். மஞ்சள் கயிறு. சாட்சிக்குள் கிடந்த பைகளில் பாதி வைரவனின் கடைப் பைகள். அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோதண்டபாணி எழுந்தார். "ஒரு சின்னத் தொழில்நுட்ப விளக்கம்."

"படமே பேசுது. விளக்கம் எதுக்கு சார்?"

"இல்லை, இந்தக் கேமராவுல ஒரு... குணம் உண்டு. ரொம்பத் தூரத்துலேர்ந்து எடுத்தா, முன்னாடி இருக்கிறதும் பின்னாடி இருக்கிறதும் அமுங்கி ஒட்டின மாதிரி தெரியும். அந்தம்மா தள்ளிக்கூட நின்னிருக்கலாம்."

சங்கத்தின் இணைச் செயலாளர் அஃப்ரா இரண்டாவது மாடிக்காரி, வக்கீல். கூட்டத்தில் இதழை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள்தான் என்பது கோதண்டபாணியின் துரதிர்ஷ்டம். பக்கத்தைப் புரட்டினாள்.

"அங்கிள், நிறை நம்பர் நாலு. 'தொலைவில் உள்ளதை உள்ளது உள்ளபடி அருகில் கொணரும்'னு எழுதியிருக்கீங்க."

"அது பறவைக்கு."

"மணிமொழிக்கு வேற மாதிரி வேலை செய்யுமா?"

யாரோ சிரித்தார்கள்.

"அதில்லைம்மா, சென்சார் ரொம்பச் சின்னது. பெரிய கேமராவா இருந்தா பின்னாடி நிக்கிறவங்க மங்கலாயிடுவாங்க. எது கிட்ட, எது எட்டன்னு தெரியும். இதுல எல்லாமே ஒரே மாதிரி விழும்."

"நிறை நம்பர் ஏழு. 'முன்னும் பின்னும் ஒருசேரத் துலங்கும்.' இதையே நிறைன்னுதானே எழுதினீங்க?"

"சாயங்கால வெளிச்சத்துல வேற புள்ளி புள்ளியா..."

வைரவன் சமோசாவைக் கீழே வைத்தார். "சார், நான் ஒண்ணு கேக்கட்டுமா? தூரம் தெரியாது, வெளிச்சம் பத்தாது, புள்ளி விழுதுங்கீங்க. அப்ப ஒங்க பையன் ஜப்பான்லேர்ந்து ஓட்டைக் கேமராவையா அனுப்பியிருக்கான்?"

நாற்பது முகங்கள் அவரைப் பார்த்தன. ஸ்வர்ணலதா தன் விரல்களைப் பார்த்தாள். குறைகள் என்ற தலைப்பின் கீழ் இன்னும் இரண்டு வரி சொன்னால் ஒரு பெண்ணின் வேலை பிழைக்கும். கோதண்டபாணிக்கு அது தெளிவாகத் தெரிந்தது. முன்னும் பின்னும் ஒருசேரத் துலங்கியது.

"சேச்சே, உசத்தியான கேமராதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை மணிமொழி வழக்கம்போல் மணியடித்தாள். குப்பைக் கூடையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"போட்டோ பாத்தேன் சார். நல்லாத்தான் கீறேன். ஆனா நான் எங்க நின்னேன்னு உனுக்குத் தெரியும்ல?"

அவர் கூடையைப் பார்த்தார்.

"டெய்லி வேலை முடிச்சுட்டு பத்து நிமிசம் அங்க போய் நிப்பேன். எங்க ஊடு அங்கதான் இருந்துச்சு, காலி பண்ணி பெரும்பாக்கம் அனுப்புற வரிக்கும். நீ போட்டோ புடிக்கிறியே அந்தப் பெரிய மூக்குக் குருவி, அது இப்போ எங்க சமையக்கட்டுலதான் குந்திகினு கீது."

"அது கூழைக்கடா."

"இன்னாவா இருந்தா இன்னா, வாடகை குடுக்காம கீது." சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "வேலை போனா வேற பாத்துக்குவேன் சார். காலில அஞ்சு மணிக்குக் கெளம்பி ரெண்டு பஸ்ஸு மாறி வர்றவளுக்கு இந்தக் கட்டடம் இல்லைன்னா இன்னொண்ணு. ஆனா அந்த ஃப்ளெக்ஸு... என் பொண்ணு இந்த ரோட்டு வழியாத்தான் காலேஜுக்குப் போவுது. பஸ்ல குந்திகினு அவ அம்மா மூஞ்சிய குப்பையோட பாத்துகினே போவணும். அத மட்டும் வாணாம்னு சொல்லு சார். நீ சொன்னா கேப்பாங்கோ. நீதான அத்த எழுதுன ஆளு."

அவள் போன பிறகு அவர் நிறைகள் பதினொன்றையும் மறுபடி படித்தார். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு வழி தோன்றியது. பெட்டியை எடுத்துவிட்டால் தைரியமாக உண்மையைச் சொல்லலாம். உண்மையில் தன் பெட்டி மட்டும் இல்லாமல் இருந்தால், மீதி உண்மை அவ்வளவு பயமாக இல்லை. குடையின் வளைந்த பிடியால் கொக்கி போட்டு இழுக்கும் திட்டத்தோடு பின்பக்கம் போனார். கயிற்றருகே ஷாஹுல் ஹமீது நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் போண்டாவோடு. போண்டாவுக்கு அடியில் நிறை எண் எட்டு எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது.

"சாட்சி சார், தொடப்படாது. வைரவன் அண்ணாச்சி ஆர்டர்."

"தொடலை, சும்மா பார்க்க வந்தேன்."

"வெயில்ல குடையைத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்களே?"

கோதண்டபாணி குடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நேராக வைரவன் வீட்டுக்குப் போனார்.

"ஒரு சோதனை பண்ணிப் பார்ப்போம். மணிமொழி நின்ன இடத்துல நீங்க நில்லுங்க. நான் பாலத்துலேர்ந்து எடுக்கிறேன். நீங்க குப்பையில நிக்கிற மாதிரி விழுந்தா என் படம் தப்புன்னு ஒத்துக்கணும். விழலைன்னா ஃப்ளெக்ஸ் அடிச்சுக்கோங்க. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கு."

சாயங்காலம் என்பதை அழுத்திச் சொன்னார். மங்கல் வெளிச்சம், அலையாடும் அனல், கஞ்சியாகும் எழுத்து. மணிமொழியும் தப்பிப்பாள், பெட்டியும் தப்பிக்கும்.

வைரவன் யோசித்தார். "சாயந்தரம் கடையில கூட்டம் அள்ளும் சார், நகர முடியாது. ஃப்ளெக்ஸும் அதுக்குள்ள வந்திரும். காலையில ஆறரைக்கு வச்சுக்கிடுவோம். அஃப்ராவைச் சாட்சிக்குக் கூட்டிக்கிடுங்க."

காலை ஆறரை. ஒரு குறை எழுதக்கூட இடமில்லாத நேரம். காற்று குளிர்ந்து அசையாமல் நிற்கும், கிழக்கிலிருந்து வெளிச்சம் நேராகக் கரையில் விழும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியாது.

"சரி" என்றார்.

புதன்கிழமை காலை பாலத்தின் நடைபாதையில் கோதண்டபாணி, அஃப்ரா, வேலைக்கு வந்த கையோடு அழைத்துவரப்பட்ட மணிமொழி மூவரும் நின்றார்கள். கரையின் மறுகோடியில் வெள்ளைச் சட்டையும் கையில் கடைப் பையுமாக வைரவன் சிறியதாகத் தெரிந்தார். கழுத்தில் கேமரா கனத்தது. கட்டுரையில் எழுதிய கனம் அல்ல.

முதலில் ஜூமைப் பாதி மட்டும் இழுத்து எடுத்தார். பெட்டி வெறும் பழுப்புப் புள்ளி. அஃப்ராவிடம் காட்டினார்.

"இதுல சுத்திலும் கரை, செடி எல்லாம் தெரியுதே அங்கிள். அண்ணாச்சி தள்ளி நிக்கிறார்னு நல்லாத் தெரியுது." அவள் மணிமொழியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அன்னைக்கு இவங்க நிஜமாவே பக்கத்துலதான் நின்னிருக்காங்களா?"

மணிமொழி கோதண்டபாணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முழு ஜூம் போட்டாத்தான் அன்னைக்கு மாதிரி வரும்" என்றார் அவர்.

"போடுங்க."

கட்டைவிரல் ஜூம் பொத்தான் மேல் இருந்தது. ஒரு பஸ் போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தார். பிறகு இன்னொரு பஸ்ஸுக்கும் காத்திருந்தார். மூன்றாவது பஸ் வரவில்லை. கடைசி வரை இழுத்து அழுத்தினார்.

படம் அபாரமாக வந்திருந்தது. குப்பைமேட்டில் முழங்கால் புதைய நின்று, கடைப் பையைக் கவிழ்க்கப் போகிறவராக வைரவன். அஃப்ரா கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ அங்கிள்! அண்ணாச்சி வருஷக்கணக்கா இங்கயே குப்பை கொட்றவர் மாதிரி இருக்கார். ஒத்துக்கறேன். ஃப்ளெக்ஸ் கிடையாது. இதை இப்பவே குழுவுல போட்டுடறேன்." வைரவனுக்கு ஃபோன் செய்து சொன்னாள். கரையில் வெள்ளைச் சட்டை பையை உதறிவிட்டு, சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தது.

மணிமொழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப டேங்ஸ் சார்."

கோதண்டபாணி கேமராவைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். அஃப்ரா தரவில்லை. திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மேட்டின் உச்சிக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே நல்ல கேமராதான் அங்கிள். எழுத்துக்கூடப் படிக்க முடியுது." குரல் நடுவில் மெதுவானது. "இது உங்க பேர்தானே?"

மணிமொழி எட்டிப் பார்த்தாள். உதடு அசைய அவளும் படித்தாள். பிறகு, "பொட்டி இல்லைன்னியே சார்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சீட்டில் பெறுநர் இடத்தில் கோதண்டபாணி, 5பி, ராயல் ரிவர் பேலஸ் என்று இருந்தது. அனுப்புநர் இடத்தில் ரிச்சி தெரு, சென்னை என்று இருந்தது. அதற்குக் கீழே சிவப்பு முத்திரையில், 'பழைய சாமான், திருப்பி எடுக்கப்படாது' என்று இருந்தது.